மார்லின் பல்லார்ட் ரைபிள்: யார் செய்தது, எந்த மாதிரி, இன்று சுடலாமா?

கேள்வி இது: அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்திருக்கும் ஒரு பழைய ரைபிள். கனமான எண்கோணக் குழல், கைப்பிடிக்குக் கீழே வளைய லீவர், ஒரு நேரத்தில் ஒரே தோட்டா. துப்பாக்கியின் நடு உடலான இரும்புச் சட்டத்தின் இடப்பக்கத்தில் “ஜே. எம். மார்லின், நியூ ஹேவன், கனெடிகட்” என்றும், கூடவே “பல்லார்ட் காப்புரிமை, நவம்பர் 5, 1861” என்றும் பொறித்திருக்கிறது. இது உள்நாட்டுப் போர்க் காலத்து ஆயுதமா? செய்தவர் பல்லார்டா, மார்லினா? வாங்கினால் சுடலாமா?

போர்க் காலத்தது அல்ல. 1861 என்பது காப்புரிமை கிடைத்த ஆண்டு மட்டும்தான். மார்லின் தன் சொந்தப் பெயரைப் பொறித்து இந்த ரைபிளைச் செய்தது 1875 முதல் 1881 வரை. 1881இல் அவருடைய தொழில் ‘மார்லின் ஃபயர் ஆர்ம்ஸ் கம்பெனி’ ஆனது. அதன்பிறகு வந்தவற்றில் கம்பெனியின் பெயர் இருக்கும். ஆகவே நீங்கள் பார்த்தது அந்த ஏழு வருடங்களுக்குள் பிறந்தது. அதே இடத்தில் “பிப்ரவரி 9, 1875” என்று இன்னொரு தேதியும் இருக்க வேண்டும். அது மார்லினின் சொந்தக் காப்புரிமை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சார்லஸ் எச். பல்லார்ட் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரைச் சேர்ந்தவர். அவர் கண்டுபிடித்த அமைப்பின் சிறப்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. குழலின் பின்வாயை அடைக்கும் இரும்பு பிளாக்குக்குள்ளேயே சுத்தியும் விசையும் (விரலால் இழுக்கும் டிரிக்கர்) அவற்றின் வில்லும் உட்கார்ந்திருக்கின்றன. பிளாக் இடம் வலம் என்று இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டு, திருகாணிகளால் சேர்க்கப்பட்டது. லீவரைக் கீழே தள்ளினால் இந்த மொத்தத் தொகுதியும் சட்டத்துக்குள் இறங்கிப் பின்னால் சாய்கிறது. இறங்கும்போதே சுத்தி தானாகப் பாதி நிலைக்குப் போய்விடுகிறது. தோட்டாவைப் போட்டு லீவரை மூடிய பிறகு, கட்டைவிரலால் சுத்தியை முழு நிலைக்கு இழுக்க வேண்டும். லீவருக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு சிறிய இணைப்புத் துண்டு உண்டு. லீவர் முழுதாக மூடும்போது அது நேராக நிமிர்ந்து பிளாக்கைத் தூக்கி நிறுத்துகிறது. வெடிப்பின் உதை சட்டத்தின் பின்பக்கத் தோள்களில் போய் விழுகிறது. இந்தத் தோள்களையும் இணைப்புத் துண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் தேய்ந்துபோவது அவைதான்.

முதலில் இதைச் செய்தவர்கள் வூஸ்டரின் பால் அன்ட் வில்லியம்ஸ் நிறுவனத்தார். நியூயார்க்கின் மெர்வின் அன்ட் பிரே விற்பனை முகவர்கள். போர் நடந்துகொண்டிருந்ததால் கென்டக்கி மாநிலம் பெருமளவில் வாங்கியது; கூட்டரசின் ராணுவம் வாங்கியது ஏறக்குறைய 1500 கார்பைன்கள் (குட்டைக் குழல் ரைபிள்கள்) மட்டும்தான். கென்டக்கி என்ற பெயர் பொறித்த துப்பாக்கிகள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. தேவை அதிகமானபோது கனெடிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த டுவைட், சேப்பின் கம்பெனியும் கொஞ்ச காலம் செய்தது.

அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் ஒரு விசித்திரமான ஏற்பாட்டைக் காணலாம். பிளாக்கில், ஊசிக்கு (தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் முனை) கீழே, பழைய கேப் துப்பாக்கிகளில் இருப்பதுபோல ஒரு சிறு நிப்பிள், அதாவது அடித்தால் தீப்பொறி தரும் சிறு மூடியான கேப்பை மாட்டும் குழாய் முனை. மெர்வின் அன்ட் பிரே 1864 ஜனவரி 5 அன்று காப்புரிமை வாங்கிய வசதி அது. ரிம்ஃபயர் தோட்டா (விளிம்பில் அடித்தால் வெடிப்பது) கிடைக்காத காட்டில், அடியில் துளையிட்ட கூட்டில் (தோட்டாவின் உலோக உறை) கருமருந்தும் குண்டும் போட்டு, நிப்பிளில் கேப் வைத்துச் சுட்டுக்கொள்ளலாம். எல்லைப்புறத்தில் இருந்தவர்களுக்கு இது வெறும் விற்பனைத் தந்திரமாக இருந்திருக்காது. தோட்டாவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய இடங்கள் அவை.

போர் முடிந்ததும் சந்தை படுத்துவிட்டது. வூஸ்டரில் நிறுவனம் ஆர். பால் அன்ட் கம்பெனி என்று பெயர் மாறிச் சிறிது காலம் ஓடியது. பிறகு தயாரிப்பு அதே மாநிலத்தின் நியூபரிபோர்ட்டுக்குப் போனது: முதலில் மெரிமாக் ஆர்ம்ஸ் கம்பெனி, 1869 முதல் பிரவுன் மேனுஃபாக்சரிங் கம்பெனி. 1873இல் பிரவுனும் கடனில் மூழ்க, சொத்துகள் ஏலத்துக்கு வந்தன. நியூயார்க்கின் துப்பாக்கி வணிகர்களான ஷோவர்லிங் அன்ட் டேலி பல்லார்டின் உரிமையைக் கையில் எடுத்தார்கள். அவர்களிடம் கடை இருந்தது, பட்டறை இல்லை. நியூ ஹேவனில் சிறு கைத்துப்பாக்கிகள் செய்துவந்த ஜான் மாலன் மார்லினிடம் வேலையை ஒப்படைத்தார்கள்.

ஒரு பெயரும் ஒரு காப்புரிமையும் இப்படி முப்பது வருடங்களில் அரை டஜன் பட்டறைகளைக் கடந்திருக்கின்றன. “பல்லார்ட்” என்று மட்டும் எழுதி விற்கும் விளம்பரத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சீக்கிரமாகப் பிரித்தறிய ஒரு வழி உண்டு: குழலுக்கு அடியில், முன்கட்டைக்குக் கீழே ஒரு சிறு குமிழ் துருத்திக்கொண்டிருந்தால் அது மார்லினுக்கு முந்தையது. சுட்ட கூட்டை வெளியே தள்ள அந்தக் குமிழைக் கையால் பின்னுக்கு இழுக்க வேண்டும். மார்லின் அந்த வேலையை லீவரோடு இணைத்துவிட்டார். லீவர் இறங்கும்போதே கூடு கொஞ்சம் வெளியே வரும்.

மார்லினின் 1875 காப்புரிமை திருப்பிப் போடக்கூடிய ஊசி. அது தோட்டாக்கள் ரிம்ஃபயரிலிருந்து, நடுவில் அடித்தால் வெடிக்கும் சென்டர்ஃபயருக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ஊசியைக் கழற்றித் திருப்பிப் போட்டால் அடி தோட்டாவின் விளிம்பில் விழுவதற்குப் பதில் நடுவில் விழும். ஒரே ரைபிளில் இரண்டு வகைத் தோட்டாவும் சுடலாம். இந்த ஒரு ஏற்பாடு முதல் சில வருடங்களின் விற்பனைக்குப் பெரிய உதவியாக இருந்தது.

1875 முதல் 1891 அளவில் நிறுத்தும்வரை மார்லின் செய்தது சுமார் 40,000 பல்லார்ட். மாதிரிகளுக்குப் பெயரும் எண்ணும் உண்டு. 1 ஹண்டர்ஸ், 2 ஸ்போர்ட்டிங், 3 கேலரி போன்றவை சாதாரண வேலைக்கானவை. கேலரி .22 ரிம்ஃபயர், சந்தையில் அடிக்கடி கண்ணில் படும். 4½ நடுத் தூரப் போட்டிக்கு. 7 என்ற வரிசை நீள் தூரத்துக்கு: நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த கிரீட்மூர் மைதானத்தில் 800, 900, 1000 கஜத் தூரங்களில் சுடுவதற்கு. அந்த விதிகளின்படி ரைபிள் 10 பவுண்டுக்கு மேல் இருக்கக் கூடாது, விசையின் இழுப்பு 3 பவுண்டுக்குக் குறையக் கூடாது. அதனால்தான் 7இல் ஒற்றை விசையும் மெலிந்த குழலும்.

நீங்கள் விவரித்ததில் கனமான எண்கோணக் குழலும் வளைய லீவரும் இருப்பதால் அது பெரும்பாலும் 5, அதாவது பசிபிக். உறுதிசெய்ய இரண்டு இடங்களைப் பாருங்கள். குழலுக்கு அடியில், முன்கட்டைக்கு முன்னால், துடைக்கும் தண்டு சொருக வளையங்கள் இருக்க வேண்டும். விசை இரட்டையாக இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் பசிபிக். மேற்கு மாநிலங்களில் மான், எல்க் வேட்டைக்குப் போனவர்களுக்காக 1876 முதல் வந்த மாதிரி. .38-55, .40-63, .45-70 போன்ற பல அளவுகளில் செய்தார்கள்; முதல் எண் குழலின் அளவு அங்குலத்தில், அடுத்தது கருமருந்தின் எடை கிரெயினில் (ஒரு சிறு எடை அலகு). இதைவிடக் கனமான 5½ மான்டானா மிக அரிது. பசிபிக்கை மான்டானா என்று சொல்லி விலை ஏற்றுவது நடக்கிற விஷயம், கவனம்.

போட்டியாளர்கள் உயிராக நினைத்தவை வேறு: 6 ஷூட்சன், 8, 9 யூனியன் ஹில். நியூயார்க்குக்கு எதிர்க்கரையில், நியூ ஜெர்சியின் யூனியன் ஹில்லில் ஜெர்மன் குடியேறிகளின் ஷூட்சன் (ஜெர்மன் பாணி இலக்குச் சுடுதல்) பூங்கா இருந்தது. அங்கே நின்றபடி, 200 கஜத்தில், ஜெர்மன் வளைய இலக்கில் சுடுவார்கள். 25 வளையங்கள், ஒவ்வொன்றும் முக்கால் அங்குல அகலம். நடுவில் இருக்கும் 25ஆம் வளையத்தின் குறுக்களவே ஒன்றரை அங்குலம்தான். 200 கஜத்தில், கையில் தாங்கி, அதை அடிக்க வேண்டும்.

அந்தப் போட்டிக்கு பல்லார்ட் ஏன் இவ்வளவு பொருந்தியது? சுத்தி சிறியது, அது பயணிக்கும் தூரம் குறைவு, எல்லாம் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் விசைக்கும் சுத்திக்கும் நடுவே நீண்ட இணைப்புகள் இல்லை. நின்று சுடுபவரின் குழல் எப்போதும் அசைந்துகொண்டேதான் இருக்கும். விரல் தொட்டதற்கும் குண்டு கிளம்புவதற்கும் இடைப்பட்ட நேரம் குறையக் குறைய வளையங்கள் கூடும். இரட்டை விசையில் பின்விசையை முதலில் இழுத்து இறுக்கி வைத்து, முன்விசையைத் தொட்டாலே போதும். ஹாரி போப் என்ற குழல் செய்பவர் வந்து, தன் இடப்புறம் சுழலும் எட்டுப் புரிக் குழல்களை (புரி என்பது குழலின் உட்சுவரில் வெட்டிய திருகுப் பள்ளம்) இந்தச் சட்டங்களில் பூட்டினார். குண்டைக் குழலின் முன்வாயிலிருந்து தள்ளி, மருந்து நிரப்பிய கூட்டைப் பின்னாலிருந்து போடும் முறைக்கு அவர் குழல்கள் பேர்பெற்றவை. மார்லின் தயாரிப்பை நிறுத்திப் பல வருடங்கள் ஆன பிறகும் நல்ல சுடுநர்கள் பழைய பல்லார்ட் சட்டங்களைத் தேடிப் பிடித்துப் போப் குழல் போட்டுக்கொண்டார்கள். இதற்கு மேல் ஒரு சான்று வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

பல்லார்டின் வணிக முடிவுக்குக் காரணம் தரக்குறைவு அல்ல. 1881 முதல் மார்லினே பல தோட்டா கொள்ளும் லீவர் ரைபிள்களைச் செய்யத் தொடங்கிவிட்டார். காசு அங்கே இருந்தது. 1885இல் வின்செஸ்டர் ஜான் பிரவுனிங்கின் ஒற்றைத் தோட்டா ரைபிளைக் கொண்டுவந்தது. அதன் சட்டம் பல்லார்டைவிடத் தெளிவாகவே பலமானது. அதிக அழுத்தம் தரும் புகையற்ற மருந்து வந்தபோது வின்செஸ்டர் தாங்கியது, பல்லார்ட் தாங்கவில்லை. ஆனால் பல்லார்டுக்காக உருவான .32-40, .38-55 தோட்டாக்கள் பிழைத்துக்கொண்டன; வின்செஸ்டரின் புகழ்பெற்ற 1894 மாதிரி முதலில் வெளிவந்தது இந்த இரண்டு அளவுகளில்தான்.

இனி வாங்குவது பற்றி. முதல் கேள்வி சட்டம் வார்ப்பா, அடித்து உருவாக்கியதா. மலிவு மாதிரிகளில் பல வார்ப்பு. உயர்ந்த மாதிரிகளும் பெரிய தோட்டா மாதிரிகளும் அடித்து உருவாக்கிய இரும்பு. வெளிப்பக்கம் இரண்டையும் மெருகேற்றியிருப்பதால் வித்தியாசம் தெரியாது. பிளாக்கைக் கழற்றி, சட்டத்தின் உட்சுவரை விளக்கு வைத்துப் பாருங்கள். எந்திரம் படாத இடங்களில் சொரசொரப்பான வார்ப்புத் தோல் தெரிந்தால் வார்ப்பு. கத்தி ஓடிய கோடுகள் எங்கும் சீராகத் தெரிந்தால் மற்றது.

கழற்றுவது கடினமில்லை. காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லீவரைப் பாதி இறக்கி, சட்டத்தின் குறுக்கே போகும் பெரிய லீவர் திருகாணியை எடுத்துவிட்டால், லீவரும் பிளாக்கும் இணைப்புத் துண்டும் ஒன்றாகக் கீழ்ப்பக்கமாக வந்துவிடும். கூட்டைத் தள்ளும் துண்டு தனியாகக் கழன்று விழும். எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று படம் எடுத்து வையுங்கள். திருகாணியின் வெட்டு மிக ஒடுக்கமானது. ஆப்பு போல் சரியும் சாதாரணத் திருப்புளி அதைக் கிழித்துவிடும். பக்கங்கள் இணையாகக் கடைந்த துப்பாக்கி வேலைத் திருப்புளிதான் வேண்டும். கிழிந்த திருகாணித் தலைகள் உள்ள ரைபிளைப் பார்த்தாலே, உள்ளேயும் யாரோ கை வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக்கின் இரு பாதிகளைப் பிரிப்பது அடுத்த கட்டம். அங்கே வில் அழுத்தத்தில் இருக்கும், சிறு துண்டுகள் சிதறும். அவசியமில்லாமல் பிரிக்க வேண்டாம். வெளியே எடுத்த பிளாக்கில் சுத்தியைத் தட்டிப் பார்க்கவும் கூடாது. எதிரே தாங்க ஒன்றும் இல்லாமல் ஊசி முறியலாம்.

திரும்பப் பூட்டிய பிறகு மூன்றைச் சோதியுங்கள். லீவர் மூடிய நிலையில் தானாகத் தொங்கினால் இணைப்புத் துண்டோ திருகாணியோ தேய்ந்திருக்கிறது. பிளாக்குக்கும் குழலின் பின்முகத்துக்கும் இடைவெளி தெரிந்தால் தோள்கள் தேய்ந்திருக்கின்றன. அப்படிப்பட்டதில் சுட்டால் கூடு விளிம்புக்கு மேலே பிளந்து வாயு பின்னால் வரும். சுத்தியைப் பாதி நிலையில் வைத்து விசையை உறுதியாக அழுத்துங்கள்; சுத்தி விழுந்தால் பல் உடைந்திருக்கிறது, திருத்தாமல் தோட்டா போடவே கூடாது.

அடுத்து, குழலில் பொறித்த அளவை நம்பாதீர்கள். நூறு வருடங்களில் அறையை (குழலில் தோட்டா உட்காரும் பகுதி) கடைந்து நீட்டியிருப்பார்கள், குழலுக்கு உள்ளுறை போட்டிருப்பார்கள். அறையின் அச்சை எடுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. இதற்கு செரோசேஃப் என்ற உலோகக் கலவை கிடைக்கிறது. 70 முதல் 88 டிகிரி செல்சியசுக்குள் உருகிவிடும், கொதிநீரின் மேல் வைத்த கரண்டியே போதும். பிளாக்கை எடுத்துவிட்டு, அறையை எண்ணெய் இல்லாமல் துடைத்து, புரி தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் துணியால் அடைத்து, முன்வாய் கீழே இருக்கும்படி குழலைத் தலைகீழாக நிறுத்துங்கள். சிறு புனல் வழியாக ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். தோட்டாவின் விளிம்பு உட்காரும் பள்ளத்துக்கு மேலே வழியவிட்டால், கூட்டைத் தள்ளும் துண்டின் பள்ளத்தில் புகுந்து பிடித்துக்கொள்ளும். இறுகியதும் முதல் அரை மணி நேரத்துக்குள் முன்வாயிலிருந்து தண்டால் தட்டி எடுத்துவிடுங்கள். அப்போது சுருங்கியிருக்கும், பிறகு விரியும். ஊற்றிய ஒரு மணி நேரத்தில் அளந்தால் அறையின் சரியான அளவு கிடைக்கும். இந்தக் கலவையில் ஈயமும் காட்மியமும் உண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

புரியின் அளவுக்கு மெல்லிய ஈயக் குண்டு ஒன்றைக் குழல் முழுக்கத் தள்ளி எடுத்து அளக்க வேண்டும். .38-55இல் பலர் வழுக்குவது இங்கேதான். பழைய குழல்களின் புரிப்பள்ளம் பெரும்பாலும் .379 முதல் .380 அங்குலம், இன்று கடையில் கிடைக்கும் செப்புறைக் குண்டு.377. அது புரியைப் பிடிக்காமல் உருண்டு போய் இலக்கில் பக்கவாட்டாக விழும். குழல் தேய்ந்துவிட்டது என்று நினைத்து நல்ல குழலை மாற்றியவர்கள் உண்டு. கூட்டின் நீளத்திலும் இதே சிக்கல்: பழைய அறை ஏறக்குறைய 2⅛ அங்குலக் கூட்டுக்கானது, இன்று 2.08 அங்குலக் கூடும் அதே பெயரில் விற்கிறது. இடையில் விடும் வெற்றிடத்தில் ஈயம் படியும். நீளக் கூட்டைக் கேட்டு வாங்குங்கள்.

என் தீர்ப்பு: நல்ல நிலையில் உள்ள பல்லார்டைச் சுடலாம், கருமருந்தும் வார்த்த ஈயக் குண்டும் மட்டும் போட்டு. குண்டு 20 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம், புரிப்பள்ளத்தைவிட .001 அங்குலம் பெரிதாக. தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த மென்மையான பூச்சு. பெட்ரோலியம் சார்ந்த கடினப் பூச்சு கருமருந்தின் கசடோடு சேர்ந்து தாராக இறுகும். .38-55க்கு மூல அளவு 255 கிரெயின் குண்டும் 55 கிரெயின் மருந்தும். இன்றைய கூட்டின் சுவர் பழையதைவிடத் தடிமன் என்பதால் 55 முழுதாக அடங்காமல் போகலாம். அடங்கியதைப் போட்டால் போதும். குண்டின் அடிக்கும் மருந்துக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கக் கூடாது, மெல்லிய அட்டை வில்லை வைத்து மருந்தைச் சற்றே அழுத்தி உட்காரவைக்க வேண்டும். இடைவெளி விட்டால் குழலே வீங்கும். புகையற்ற மருந்தைக் குறைவாகப் போட்டால் பரவாயில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வார்ப்புச் சட்டத்தில் நான் அதை ஏற்க மாட்டேன். இன்னொரு காரணமும் உண்டு: பழைய ஊசித் துளை அகலமானது, அழுத்தம் கூடினால் பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டும் சிறு மூடி) துளைந்து வாயு பிளாக்குக்குள் பாயும்.

சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். பிளாக்குக்குள் கசடு போவது பல்லார்டின் உண்மையான பலவீனம். சுத்தியும் வில்லும் அங்கேயே இருப்பதால், குழலைத் துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்களின் ரைபிளில் சில வருடங்களில் வில் துருப்பிடித்து முறியும். தொகுதியைக் கீழே இறக்கி, வெந்நீரில் அலசி, சூடாக்கி உலர்த்துங்கள். இன்னொன்று: லீவரால் கூட்டைத் தள்ளும் துண்டுக்கு வலு குறைவு. அறை சொரசொரப்பாக இருந்தால் கூடு சிக்கிக்கொள்ளும். லீவரை ஓங்கி அடித்துத் திறக்காதீர்கள். முன்வாயிலிருந்து தண்டால் தள்ளி எடுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, மூல நிலை கலையாமல் இருப்பதுதான் எல்லாம். 20ஆம் நூற்றாண்டில் எத்தனையோ பல்லார்ட்களின் குழலை மாற்றிச் சிறு விலங்கு வேட்டைக்கான புதுத் தோட்டாக்களுக்குத் தோதாக்கினார்கள். சட்டத்தில் மிஞ்சியிருக்கும் இரும்பின் மேற்பரப்பைக் கெட்டிப்படுத்தும்போது வந்த நீலமும் பழுப்புமான நிறத்தை மெருகுச் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால், மதிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. பசிபிக்கில் துடைக்கும் தண்டு அசலாக இருந்தால் அது தனி மகிழ்ச்சி. பெரும்பாலும் தொலைந்திருக்கும், பிற்காலத்து மாற்றுத் தண்டுதான் வரும். பழைய போப் குழல் போட்டது மட்டும் விதிவிலக்கு. அதைக் கழற்றி மார்லின் குழல் பூட்ட நினைக்கவே வேண்டாம்.

அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கி பழம்பொருள். எல்லா மார்லின் பல்லார்டும் அதற்குள் அடங்கும். ஆனால் மாநிலச் சட்டங்கள் வேறுபடும், இன்னொரு நாட்டுக்கு எடுத்துச் செல்வது முற்றிலும் தனி விஷயம். ஏலத்தில் கை தூக்கும் முன் ரைபிளின் இரும்புச் சட்டத்தின் உட்புறம், திருகாணித் தலைகள், அடியில் உள்ள தண்டு வளையங்கள் ஆகிய மூன்றின் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். குழலுக்குள் விளக்கு விட்டு எடுத்த படத்தையும் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால், சுடுவதற்கான விலையை விட்டுவிட்டுச் சுவரில் மாட்டுவதற்கான விலையை மட்டும் சொல்லுங்கள்.